தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா? – போதை நோய்க்குத் தவ்பாவும் மருத்துவமும்

(ஷஅபான் மாத ஜுமுஆ பயானின் எழுத்து வடிவம்)

அல்ஹம்து லில்லாஹ். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரசூலில்லாஹ், வஅலா ஆலிஹி வஸஹ்பிஹி அஜ்மயீன். அம்மா பஃத்.

 

இன்னும் சில வாரங்களில் ரமலான் வரப்போகிறது. பள்ளிக்கு வெள்ளை அடிப்பது, நோன்புக் கஞ்சிக்கு ஏற்பாடு செய்வது, தராவீஹுக்கு ஹாஃபிழ் பேசி வைப்பது என்று எல்லா வேலையும் நடக்கிறது. இந்த வருடம் இன்னொரு தயாரிப்பையும் நாம் செய்ய வேண்டும். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நம் மஹல்லாவில் ரமலான் பிறை பார்த்த இரவோடு குடியை நிறுத்தும் சகோதரர்கள் இருக்கிறார்கள். இதை மறைத்துப் பயனில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நம் பகுதி உழைப்பாளிகளின் பகுதி. ஹார்பரில் சுமை தூக்குகிறவர், காசிமேட்டில் போட்டுக்குப் போகிறவர், கண்டெய்னர் லாரியில் இரவெல்லாம் கியூவில் நிற்கிறவர், மணலி கம்பெனிகளில் ஷிஃப்ட் பார்க்கிறவர். உடம்பு வலிக்கு என்று ஒரு நாள் தொடங்கியது, பத்து வருடத்தில் காலையில் கண் விழித்ததும் கை நடுங்கும் நிலைக்குக் கொண்டுவந்து விடுகிறது. அப்படிப்பட்டவரும் ரமலான் வந்தால் அல்லாஹ்வுக்குப் பயந்து நிறுத்துகிறார். அந்த ஈமானை நாம் மதிக்க வேண்டும். ஆனால் அந்த நிறுத்தம் எப்படி நடக்க வேண்டும் என்று தெரியாமல் நாம் அவரைத் தனியாக விட்டால் அவர் உயிருக்கே ஆபத்து வரலாம்.

தலையில் காயம் பட்ட ஸஹாபி

ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம் அபூதாவூதில் வருகிறது. ஸஹாபாக்கள் சிலர் பயணம் போனார்கள். அதில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம். பிறகு அவருக்குக் குளிப்புக் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்து கொள்ளலாமா என்று கூட இருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது உமக்குச் சலுகை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவரும் குளித்தார். இறந்து போனார்.

இந்தச் செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியது. கடுமையாகக் கோபப்பட்டார்கள். அவரை அவர்கள் கொன்றுவிட்டார்கள் என்று சொன்னார்கள். தெரியாத நிலையில் கேட்டிருக்கக் கூடாதா என்றும், அறியாமை என்ற நோய்க்குக் கேட்பதுதான் மருந்து என்றும் கூறினார்கள்.

சகோதரர்களே! ஃபத்வா சொன்னவர்கள் கெட்டவர்களா? இல்லை. மார்க்கத்தில் பேணுதலாக இருக்க வேண்டும் என்றுதான் சொன்னார்கள். நிய்யத் நல்லது. ஆனால் காயம் பட்ட உடம்பில் தண்ணீர் என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தெரியாததைக் கேட்கவும் இல்லை. நல்ல நிய்யத் ஓர் உயிரைக் காப்பாற்றவில்லை.

நான் செய்த தவறு

இந்த ஹதீஸை அரபுக் கல்லூரியில் ஓதியவன் நான். அதன் பொருள் எனக்குப் புரிந்தது பல வருடம் கழித்து, ஒரு ரமலானில். சம்பந்தப்பட்ட சகோதரரின் அனுமதியோடு சொல்கிறேன். அவருடைய பெயரோ தெருவோ தொழிலோ சொல்ல மாட்டேன். யாரும் யூகிக்கவும் வேண்டாம்.

ஷஅபான் கடைசியில் அவருடைய மனைவி அவரை என்னிடம் அழைத்து வந்தார். தினமும் காலையிலிருந்து குடிப்பவர். நான் அரை மணி நேரம் நஸீஹத் செய்தேன். அழுதார். "இனி தொட மாட்டேன் என்று அல்லாஹ்வின் மீது சத்தியம் செய்யுங்கள்" என்றேன். செய்தார். மனதுக்கு நிறைவாக இருந்தது. ஒரு மனிதரைத் திருத்திவிட்டோம் என்று நினைத்தேன்.

முதல் நோன்பு வைத்தார். கை நடுங்கியது, வியர்த்தது, தூக்கமில்லை. "பசிதான், பழகிவிடும்" என்றேன். மூன்றாம் நாள் இரவு தராவீஹ் முடிந்து வரும்போது அந்த அம்மா ஓடி வந்தார். "ஹஜ்ரத், சுவர் முழுக்கப் பூச்சி ஊர்றதுன்னு கத்துறாரு. யாரோ கூப்பிடுறாங்கன்னு வெளியே ஓடப் பாக்குறாரு. ஏதோ பிடிச்சிருக்கு, வந்து ஓதிப் பாருங்க." நானும் போனேன். ஜின்னுடைய தொல்லை என்றுதான் நினைத்தேன். ஆயத்துல் குர்ஸி ஓதினேன், தண்ணீர் ஓதிக் கொடுத்தேன். ஓதிக் கொண்டிருக்கும்போதே அவருக்கு வலிப்பு வந்துவிட்டது.

பக்கத்து வீட்டுப் பையன் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டு போனான். டியூட்டி டாக்டர், ஒரு இளம் பெண், என்னைப் பார்த்துக் கேட்டார். "மூணு நாளா நடுக்கம் இருந்திருக்கு. ஏன் முன்னாடியே கொண்டு வரல?" என்னிடம் பதில் இல்லை. அந்தப் பெண் முஸ்லிம் அல்ல. ஆனால் அவர் கேட்டது நபி (ஸல்) அவர்கள் கேட்ட அதே கேள்வி. தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா?

அல்லாஹ்வின் கிருபையால் அவர் பிழைத்தார். பிழைக்காமல் போயிருந்தால் அந்த ஹதீஸில் உள்ள கண்டனத்துக்கு உரியவன் நானாகத்தான் இருந்திருப்பேன். அதற்குப் பிறகுதான் மருத்துவர்களிடம் போய்க் கேட்கத் தொடங்கினேன். கேட்டுத் தெரிந்து கொண்டதை உங்களிடம் ஒப்படைக்கிறேன்.

குடியை நிறுத்தும்போது உடம்பில் நடப்பது

மது மூளையை மந்தமாக்குகிறது. வருடக்கணக்கில் தினமும் குடிப்பவருடைய மூளை, அந்த மந்தத்தை ஈடுகட்ட எப்போதும் கூடுதல் வேகத்தில் ஓடப் பழகிவிடுகிறது. திடீரென மது நின்றால் வேகம் மட்டும் அப்படியே இருக்கும், பிரேக் இருக்காது.

கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்துக்குப் பிறகு நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாததைப் பார்ப்பார், இல்லாத குரலைக் கேட்பார், காய்ச்சல் அடிக்கும், இதயம் வேகமாகத் துடிக்கும். இதற்கு மருத்துவத்தில் டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர். கவனிக்காமல் விட்டால் மரணம் வரை கொண்டு போகும். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. ஆனால் காலையிலேயே குடிக்கிறவர், முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், கல்லீரல் கெட்டவர், வயதானவர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம்.

மூன்றாம் நாள் இரவு என்று சொன்னேனே, கவனித்தீர்களா? நாம் ஜின் என்று நினைத்து ஓதிப் பார்க்கும் பல சம்பவங்கள் இந்த இரண்டாம், மூன்றாம் நாள்களில்தான் நடக்கின்றன. ஜின் இருப்பது உண்மை, குர்ஆன் சொல்கிறது. ஆனால் குடியை நிறுத்திய மூன்றாம் நாள் ஒருவர் சுவரில் பூச்சியைக் கண்டால் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனை. ஆம்புலன்ஸில் போகும்போது ஓதுங்கள், தாராளமாக ஓதுங்கள்.

இதற்கு மருத்துவம் உண்டு. மூளையின் வேகத்தைப் படிப்படியாகத் தணிக்கும் மாத்திரைகளை மருத்துவர் அளவு பார்த்துச் சில நாள் கொடுத்து, மெல்லக் குறைத்து நிறுத்திவிடுவார். குடிப்பவர் உடம்பில் பி1 வைட்டமின் வற்றிப் போயிருக்கும். அதையும் ஊசியாகக் கொடுப்பார். அதைக் கொடுக்கத் தவறினால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடும் அபாயம் இருக்கிறது. முறையாகச் செய்தால் பெரும்பாலானவர்கள் ஒரு வாரம், பத்து நாளில் இந்தக் கட்டத்தைப் பாதுகாப்பாகக் கடந்துவிடுகிறார்கள்.

பாவமா, நோயா?

சிலர் கேட்பார்கள்: "ஹஜ்ரத், மது ஹராம். நோய் என்று சொல்லி அதை லேசாக்குகிறீர்களா?"

லேசாக்கவில்லை. சூரத்துல் மாயிதாவின் 90-வது வசனம் மதுவை ஷைத்தானின் அசுத்தமான செயல் என்று சொல்லி விலகச் சொல்கிறது. அந்தச் சட்டம் கியாமத் வரைக்கும் மாறாது. பாவமான காரியம் நோயை உண்டாக்கக் கூடும். சண்டை போட்டுக் கை ஒடித்துக் கொண்டவர் செய்ததும் பாவம்தான். அவருடைய எலும்பு தவ்பாவால் ஒட்டுமா? தவ்பாவும் வேண்டும், மாவுக்கட்டும் வேண்டும்.

இன்னொரு கேள்வியும் வரும்: "ஸஹாபாக்கள் ஒரே நாளில் மதுவை மதீனாவின் தெருவில் கொட்டினார்களே!" உண்மை. ஆனால் அந்த ஒரு நாளுக்கு முன்னால் எத்தனை வருடம் என்று பாருங்கள். முதலில் சூரத்துல் பகராவின் 219-வது வசனம் மதுவின் பாவம் அதன் பயனை விடப் பெரியது என்று உணர்த்தியது. பிறகு சூரத்துன் நிஸாவின் 43-வது வசனம் போதையோடு தொழுகையை நெருங்கத் தடை விதித்தது. ஐந்து வேளைத் தொழுகை இருக்கும்போது குடிக்கக் கிடைக்கும் நேரமே சுருங்கிவிட்டது என்று உலமாக்கள் விளக்குகிறார்கள். அதன் பிறகே முழுத் தடை வந்தது. மது கூடாது என்பதே முதலில் இறங்கியிருந்தால் ஒருபோதும் விட மாட்டோம் என்று மக்கள் சொல்லியிருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியது புகாரியில் இருக்கிறது. இதை வைத்து இன்று கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக் கொள்ளலாம் என்று யாரும் சட்டம் எடுக்கக் கூடாது. மனிதனை மாற்றும்போது அவனைப் படைத்தவன் எவ்வளவு ஹிக்மத்தோடு மாற்றினான் என்பதே இதில் நமக்குப் பாடம்.

நபி (ஸல்) அவர்களிடம் கிராமவாசிகள் வந்து நாங்கள் மருத்துவம் செய்து கொள்ளலாமா என்று கேட்டபோது, செய்து கொள்ளுங்கள் என்றும், முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான் என்றும் சொன்னார்கள். மருந்து இருக்கிறது என்பது ஈமான். எது மருந்து என்று தேடிக் கண்டுபிடிப்பது மனிதனின் வேலை. அந்தத் தேடலுக்குத்தான் இன்று ஆராய்ச்சி என்று பெயர்.

நம் சென்னையில் ஒரு பெண்மணி

இந்தத் தேடலுக்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. டி.டி.கே. குடும்பத்தைச் சேர்ந்த டி.டி. ரங்கநாதன் என்பவர் 1979-ல் குடி நோயால் இளம் வயதிலேயே இறந்தார். பணம், பெயர், படிப்பு எதுவும் காப்பாற்றவில்லை. அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன் அமெரிக்காவில் இந்தச் சிகிச்சை முறையைப் பயின்று வந்து, 1980-ல் கணவர் பெயரில் ஓர் ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். அதுதான் இன்று டி.டி.கே. மருத்துவமனை என்று அறியப்படுகிறது. 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அவர்கள் கற்ற முக்கியமான பாடம், குடிப்பவரை மட்டும் பார்த்தால் போதாது என்பது. மருந்து, தனி ஆலோசனை, குழுவாக உட்கார்ந்து பேசுதல், மனைவிக்கும் குடும்பத்துக்கும் தனி வகுப்பு, வீட்டுக்குப் போன பிறகு தொடர்ந்து பின்தொடர்தல் என்று எல்லாவற்றையும் சேர்த்தார்கள். 1989 முதல் திருவாரூர் பக்கம் மஞ்சக்குடி என்ற கிராமத்தில் முகாம் நடத்தினார்கள். ஊர்ப் பெரியவர்களைச் சேர்த்துக் கொண்டு, ஊருக்குள்ளேயே தங்க வைத்துச் சிகிச்சை கொடுத்து, பிறகும் தொடர்ந்து கவனித்தார்கள். அந்த அனுபவத்தை ஆய்வுக் கட்டுரையாக எழுதி உலகத்துக்குச் சொன்னார்கள். ஊர் கூடினால் பெரிய கட்டடம் இல்லாமலும் சிகிச்சை சாத்தியம் என்று காட்டினார்கள்.

ஒரு கிராமம் செய்ததை ஒரு ஜமாஅத் செய்ய முடியாதா?

ஆய்வுகள் நமக்குத் தரும் நம்பிக்கை

2019-ல் எய்ம்ஸ் மருத்துவர்கள் நாடு முழுவதும் எடுத்த கணக்கை மத்திய அரசு வெளியிட்டது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு உதவி கிடைத்திருக்கிறது. மீதி 37 பேர்? ஒருவேளை அவர்களில் பலர் நம்மைப் போன்ற ஹஜ்ரத்மார்களிடமோ, பூசாரியிடமோ, விளம்பர லேகியத்திடமோ போயிருப்பார்கள். என்ன செய்தால் பலன் கிடைக்கும் என்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது ஒரு பக்கம் இருக்கிறது. நம் தெருவில் நடப்பது இன்னொரு பக்கம் இருக்கிறது. நடுவில் பாலம் இல்லை.

பாலம் போட முடியும் என்பதற்கு இரண்டு செய்திகள்.

முதலாவது, கோவாவில் நடந்த ஆய்வு. சங்கத் என்ற அமைப்பு, மனநல மருத்துவம் படிக்காத சாதாரண ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தது. 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், அளவு மீறிக் குடிக்கும் 377 ஆண்களிடம் இதைப் பரிசோதித்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு பகுதியினருக்கு அதோடு, அதிகபட்சம் நான்கு தடவை உட்கார்ந்து பேசும் ஆலோசனை. எப்போது குடிக்கத் தோன்றுகிறது, யாரோடு, சம்பள நாளில் என்ன செய்வது, நண்பர் அழைத்தால் எப்படி மறுப்பது என்று பேசுவார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, ஆலோசனை பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், சுமார் 54 சதவீதம், ஆபத்தான குடியிலிருந்து மீண்டிருந்தார்கள். மற்றவர்களில் இது சுமார் 32 சதவீதம். கை நடுங்கும் அளவுக்கு முற்றியவர்களுக்கு இது மட்டும் போதாது, அவர்கள் மருத்துவரிடம் போயாக வேண்டும். ஆனால் அந்த நிலைக்குப் போகும் வழியில் இருப்பவரை, பயிற்சி பெற்ற ஒரு சாதாரண மனிதர் திருப்பிக் கொண்டு வர முடிகிறது. சத்தம் போடாமல், அவமானப்படுத்தாமல், உட்கார்ந்து பேசியே.

இரண்டாவது, பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் ஏழை மக்கள் வாழும் ஒரு பகுதியில் செய்தது. சிகிச்சை முடிந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு அவர்கள் வீட்டுப் பக்கத்திலேயே வாராவாரம் சந்திப்பு வைத்தார்கள். மற்றவர்களை வழக்கம்போல் மருத்துவமனைக்கு வந்து போகச் சொன்னார்கள். வாராவாரம் பக்கத்திலேயே பார்க்கப்பட்டவர்களின் நிலை நன்றாக இருந்தது.

வாராவாரம், வீட்டுப் பக்கத்தில். சகோதரர்களே, ஜுமுஆ என்பது வேறென்ன?

மாத்திரையும் ஊசியும்

இளைஞர்களே, இது உங்களுக்கு. நம் பகுதியில் வலி மாத்திரைகளைப் போதைக்குப் பயன்படுத்துவதும், கரைத்து ஊசியாகப் போடுவதும் நடக்கிறது. ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் பரவும். 2005-ல் தொடங்கி, சென்னையில் ஊசி போடும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். இந்த இரண்டு கிருமிகளும் அவர்களிடையே எவ்வளவு பரவியிருந்தன என்பது அதில் வெளிச்சமானது.

அபின் வகைப் போதைக்குப் புப்ரினார்ஃபின் என்ற மருந்து இருக்கிறது. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை. அரசு மையங்களில், ஊழியர் கண் முன்னால் கொடுக்கப்படுகிறது. உலக சுகாதார அமைப்பு 2005-ல் இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?" என்று கேட்கிறார்கள். முறையாக எடுத்துக் கொள்பவர் மயங்கிக் கிடப்பதில்லை. வேலைக்குப் போகிறார், தொழுகைக்கு வருகிறார், ஊசியை விடுகிறார், உயிரோடு இருக்கிறார். ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுப்பதை நாம் ஹராம் என்று சொல்கிறோமா? நோயாளியின் தேவைக்கு மருத்துவர் அளந்து கொடுப்பதும், போதைக்கு எடுப்பதும் ஒன்றல்ல. சந்தேகம் இருந்தால் மருத்துவரின் சீட்டோடு முஃப்தியிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். சில மாதம் நிறுத்திவிட்டு மறுபடி பழைய அளவைப் போட்டால் உடம்பு தாங்காது. அப்படி இறந்தவர்கள் ஏராளம்.

செய்யக் கூடாத மூன்று

ஒன்று, கட்டிப் போடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில், தனியார் நடத்திய ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்பிக்க முடியாமல் 28 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டு முஸ்லிம்கள் மறக்கவே கூடாத தேதி அது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை முற்றிலும் தடை செய்கிறது. அந்தச் சட்டம் போதை நோயாளிகளுக்கும் பொருந்தும். அடித்துத் திருத்துகிறோம் என்று சொல்லும் இடத்துக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள். மருத்துவர் யார், பதிவு இருக்கிறதா, குடும்பத்தார் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள்.

இரண்டு, தெரியாமல் மருந்து கலக்காதீர்கள். டீயில், குழம்பில் கலந்து கொடுத்தால் குடியை வெறுத்து விடுவார் என்று மாத்திரை விற்கிறார்கள். டைசல்ஃபிரம் போன்ற மருந்து உடம்பில் இருக்கும்போது ஒருவர் தெரியாமல் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம். அதை மருத்துவர் சோதித்துப் பார்த்து, நோயாளியின் சம்மதத்தோடுதான் கொடுக்க வேண்டும். மருத்துவம் தெரியாமல் மருத்துவம் பார்த்தவர் அதன் விளைவுக்குப் பொறுப்பாளி என்பது அபூதாவூதில் வரும் ஹதீஸ்.

மூன்று, சத்தியம் வாங்காதீர்கள். நான் செய்த தவறு அது. நோய் முற்றியவரிடம் சத்தியம் வாங்கினால், முறியும்போது குடித்த பாவத்தோடு சத்தியத்தை முறித்த குற்றவுணர்வும் சேருகிறது. வெட்கப்பட்டுப் பள்ளிக்கு வருவதையே விட்டுவிடுகிறார். ஷைத்தான் விரும்பியது அதுதானே?

ரமலானுக்கு முன் என்ன செய்யலாம்?

தினமும் குடிக்கிறவர் உங்கள் வீட்டில் இருந்தால் பிறைக்காகக் காத்திருக்காதீர்கள். இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நமக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. 2025-ல் தமிழக அரசு கலங்கரை என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் திறந்திருக்கிறது. போக வெட்கமாக இருந்தால் 14446 என்ற இலவச எண்ணில் முதலில் பேசுங்கள். இப்போது தொடங்கினால், இன்ஷா அல்லாஹ், ரமலான் வரும்போது ஆபத்தான கட்டத்தைக் கடந்திருப்பார்.

சிகிச்சையில் இருக்கும்போது ரமலான் வந்துவிட்டால், நோன்பு வைக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் அல்லாஹ் நோயாளிக்குச் சலுகை தந்திருக்கிறான், பிறகு களா செய்து கொள்ளலாம். ஏன் நோன்பு இல்லை என்று யாரும் அவரைக் கேட்க வேண்டாம்.

பள்ளிவாசல் என்ன செய்யும்? முதவல்லியோடும் நிர்வாகத்தோடும் பேசி மூன்று காரியம் முடிவு செய்திருக்கிறோம். மருத்துவமனைக்குத் தனியாகப் போகத் தயங்குபவரோடு கூடப் போக இரண்டு பேர் பொறுப்பெடுத்திருக்கிறார்கள். ஆட்டோ செலவுக்கும் மருந்துச் செலவுக்கும் பைத்துல் மாலில் ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறோம். சிகிச்சை முடிந்து வந்தவரை வாரம் ஒருமுறை, ஒரு வருடத்துக்கு, ஒருவர் போன் செய்தோ நேரிலோ விசாரிப்பார். அவருடைய மனைவியை, தாயை விசாரிக்கப் பெண்கள் மதரஸாவின் உஸ்தாத் அம்மா முன்வந்திருக்கிறார். யார் வந்தார், யார் போனார் என்பது வெளியில் வராது. அது அமானத்.

மறுபடி விழுந்தால்?

விழலாம். போதை நோயிலிருந்து மீண்டவர்களில் நூற்றுக்கு 40 முதல் 60 பேர் ஒரு வருடத்துக்குள் மறுபடி ஒருமுறையாவது தடுமாறுகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பிரஷர், ஆஸ்துமா நோயாளிகளிடமும் இதே அளவு தடுமாற்றம் இருக்கிறது. பிரஷர் மறுபடி ஏறியவரை நாம் துரோகி என்று சொல்வதில்லை, மாத்திரையை மாற்றச் சொல்கிறோம்.

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் அப்துல்லாஹ் என்ற ஸஹாபி இருந்தார். நபியவர்களைச் சிரிக்க வைப்பவர். மது அருந்தியதற்காகத் தண்டிக்கப்பட்டார், மறுபடியும் கொண்டு வரப்பட்டார். எத்தனை தடவைதான் இவரைக் கொண்டு வருவது என்று ஒருவர் அவரைச் சபித்தார். சபிக்காதீர்கள், அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்றே நான் அறிந்திருக்கிறேன் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தண்டனை தண்டனைதான். ஆனால் ஜமாஅத்திலிருந்து அவரை வெட்டி எறியவில்லை.

உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்து மனிதர் ஒருவர் வருவதில்லையே என்று விசாரித்தார்கள். குடியில் விழுந்துவிட்டார் என்று சொன்னார்கள். உடனே கடிதம் எழுதினார்கள். பாவத்தை மன்னிப்பவன், தவ்பாவை ஏற்பவன் என்று அல்லாஹ்வைப் பற்றிச் சொல்லும் சூரத்துல் முஃமினின் தொடக்க வசனங்களை அதில் எழுதினார்கள். அவருக்காகத் துஆச் செய்யத் தோழர்களையும் கேட்டுக் கொண்டார்கள். அந்த மனிதர் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்து அழுதார், திருந்தினார். சகோதரன் சறுக்கினால் அவனை நிமிர்த்துங்கள், அவனுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்று உமர் (ரலி) அவர்கள் உபதேசித்தார்கள் என்று இப்னு கஸீர் பதிவு செய்கிறார். ஒருவர் காணவில்லை என்பதைக் கவனித்தது, விசாரித்தது, நம்பிக்கை கொடுத்தது, மற்றவர்களையும் சேர்த்துக் கொண்டது. பின்தொடர்தல் என்று மருத்துவர்கள் இன்று சொல்வது இதுதானே?

நான் தொடக்கத்தில் சொன்ன சகோதரர் சிகிச்சைக்குப் பிறகு நான்கு மாதம் நன்றாக இருந்தார். ஒரு கல்யாண வீட்டு இரவில் மறுபடி விழுந்தார். இந்த முறை அவருடைய மனைவி ஓதிப் பார்க்க என்னைக் கூப்பிடவில்லை. "ஹஜ்ரத், டாக்டர்கிட்ட கூட வர்றீங்களா?" என்று கேட்டார். போனோம். மருந்து மாறியது, வாராவாரம் சந்திப்பு தொடர்ந்தது. இரண்டு ரமலான் கடந்துவிட்டது. நாளை எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியாது, அல்லாஹ்வுக்குத் தெரியும். இன்றைக்கு இருக்கிறார். வெள்ளிக்கிழமை அவர் ஸஃப்பில் இருக்கிறாரா என்று என் கண் தேடும். உங்கள் கண்ணும் அப்படி யாரையாவது தேட வேண்டும்.

யா அல்லாஹ்! எங்கள் மஹல்லாவில் போதையின் பிடியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஷிஃபாவைத் தருவாயாக. அவர்களுடைய மனைவி மக்களின் கண்ணீரைத் துடைப்பாயாக. சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நேர்வழியையும் நற்கூலியையும் தருவாயாக. தெரியாததைக் கேட்டுத் தெரிந்து கொள்ளும் பணிவை எங்களுக்குத் தருவாயாக. அறியாமல் நாங்கள் செய்த தீங்கை மன்னிப்பாயாக. ரமலானை எங்களுக்கும் அவர்களுக்கும் ஆரோக்கியத்தோடு அடையச் செய்வாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.